அப்படி ஒருவரும் இங்கே வேலை செய்யவில்லை

பஸ்ரியனுக்குச் சுவாமியார் வைத்தது ஒரு பேர். முதலாளி இராஜரட்ணம் வைத்தது நாலு. ஊர்காவற்துறைக் கோயிலில் தலையில் தண்ணீர் ஊற்றிச் செபஸ்ரியான் என்று வைத்த பேர், தீவுச் சனத்தின் வாயில் தேய்ந்து பஸ்ரியனாகி, அப்படியே கனடாவுக்கும் வந்து சேர்ந்தது. மற்ற நாலும் ரொறன்ரோவில் வேலைக்காக வாங்கிக்கொண்டவை. அவற்றை அவர் வீட்டுக்குள் கொண்டு வருவதில்லை. சப்பாத்தோடு சேர்த்து வாசலில் கழற்றி விட்டுத்தான் உள்ளே வருவார்.

என்ன வேலை என்று கேட்டால் "விளையாட்டுச் சாமான் கொம்பனி" என்பார். பொய்யில்லை, கொம்பனியின் பேரிலேயே 'ஸ்போட்டிங் கூட்ஸ்' என்று இருக்கிறது. ஆனால் ரொறன்ரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில், கார் திருத்துகிற கடைக்குப் பக்கத்து யூனிட்டுக்குள் போய்ப் பார்த்தால் ஒரு பந்து கிடையாது, ஒரு மட்டை கிடையாது. இருப்பதெல்லாம் துருக்கியிலிருந்து பெட்டி பெட்டியாக வந்திறங்கும் வேட்டைத் துவக்குகள், மான் சுடுகிற துப்பாக்கிகள். சந்தையிலேயே மலிந்த துவக்குகள். நல்ல துவக்கு வாங்கக் காசில்லாதவர்களும், காசிருந்தும் கை நீளாதவர்களும் அதை வாங்குவார்கள். வாங்கினவர்கள் பிறகு கட்டாயம் போன் எடுப்பார்கள். அந்தப் போனைத் தூக்குகிறவர்தான் பஸ்ரியன். வொறண்டிப் பகுதியின் தலைவரும் அவர்தான், அதன் கடைசி ஊழியரும் அவர்தான்.

துவக்கைக் கண்டு நாட்டை விட்டு ஓடி வந்த மனிசன் துவக்குக்கே வொறண்டி பார்க்கிறார் என்று ஊருக்குச் சொல்ல முடியுமா? எங்கள் சனத்துக்குத் துவக்கு என்றால் ஒரே ஒரு கதைதான் தெரியும். வாத்து, மான், மாட்டளவு பருத்த மூஸ் மான் என்று எத்தனை விளக்கம் சொன்னாலும், கோயில் மண்டபத்தின் மறுகோடிக்குப் போய்ச் சேரும்போது அது "பஸ்ரியன் ஆயுதம் விக்கிறாராம்" என்றுதான் போய்ச் சேரும். சட்டப்படி லைசென்ஸ் எடுத்தவர், இன்றுவரை ஒரு குண்டும் சுட்டறியாதவர் என்பதெல்லாம் வழியிலேயே உதிர்ந்துவிடும். ஆகவே விளையாட்டுச் சாமான்.

அதற்கும் ஒரு தண்டனை இருந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் யாராவது அறுந்த பட்மின்டன் மட்டையோடு வந்து, கொம்பனியில் கொடுத்துத் திருத்தித் தரச் சொல்லிக் கேட்பார்கள். பஸ்ரியன் வாங்கிக்கொண்டு போய், வேறொரு கடையில் கைக்காசு கொடுத்து நரம்பு கட்டுவித்து, அடுத்த ஞாயிறு திருப்பிக் கொடுப்பார். நல்ல சேர்விஸ் என்று மெச்சிக்கொண்டு போவார்கள். இராஜரட்ணத்தின் கொம்பனியை நல்ல சேர்விஸ் என்று சொன்னவர்கள் இந்த உலகத்தில் அந்தப் பட்மின்டன்காரர் மட்டும்தான்.

ஏனென்றால் துவக்கில் எப்போதும் ஒரே குறைதான். சுட்டபின் தோட்டாவின் வெற்றுக் கோது வெளியே தெறிக்க வேண்டும். அதைத் தள்ளுகிற ஸ்பிறிங் ஒரு வேட்டைக் காலம் தாங்கும், மறுமுறை கோது உள்ளேயே இறுகிக்கொள்ளும். வேட்டைக்காரன் பேனாக்கத்தியால் கோதைக் கிண்டிக்கொண்டு நிற்க, எதிரே நிற்கிற மூஸ் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்துவிட்டுத் தன் பாட்டில் போய்விடும். முறைப்பாடு குவிந்ததும் இராஜரட்ணம் ஸ்பிறிங்கை மாற்றமாட்டார், பேரை மாற்றுவார். முதலில் 'நோர்த் மூஸ்'. அது நாறினபின் 'றெட் லூன்'. அதுவும் நாறினபின் இப்போது 'பிளாக் பீவர்'. அதே தொழிற்சாலை, அதே துவக்கு, அதே ஸ்பிறிங். மரப்பிடியில் பொறித்திருக்கிற மிருகமோ பறவையோ மட்டும் வேறு.

எல்லாப் பெட்டியிலும் 'லைஃப்டைம் வொறண்டி' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். யாருடைய லைஃப்டைம் என்று பஸ்ரியன் ஒருநாள் கேட்டே விட்டார். இராஜரட்ணம் கோபப்படவில்லை. சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோலப் பொறுமையாகச் சொன்னார்.

"பிராண்டின்ரை லைஃப்டைம், பஸ்ரியன். செத்தவனிட்டை ஆரும் சேர்விஸ் கேக்கிறேல்லை."

பிராண்ட் சாகும்போதெல்லாம் பஸ்ரியனின் பேரும் கூடவே செத்தது. நோர்த் மூஸுக்கு அவர் பொப். றெட் லூனுக்குக் கெவின். பிளாக் பீவருக்கு ஸ்டான். குரல் மட்டும் எல்லாருக்கும் பொது: மூக்கால் பாதி, தொண்டையால் பாதி எடுத்து, தடிமன் பிடித்த வெள்ளைக்காரன் போல ஒரு குரல். பழைய பிராண்டைச் சொல்லி யாராவது எடுத்தால் அதற்கென்று மூன்று வசனம் இருந்தது. நாங்கள் புதுக் கொம்பனி, சேர். அந்தப் பேரில் ஒரு கொம்பனியையும் எங்களுக்குத் தெரியாது. நீங்கள் சொல்கிற ஆளும் இங்கே வேலை செய்யவில்லை. பொப்பைத் தேடினவர்களுக்குக் கெவின் இதைச் சொன்னார், கெவினைத் தேடினவர்களுக்கு ஸ்டான் சொன்னார். சொல்லிச் சொல்லி அது செபமாலை மாதிரி ஆகிவிட்டது. நினைவு எங்கேயோ நிற்க, வாய் தன் பாட்டில் சொல்லி முடித்துவிடும்.

சொல்லி முடித்தபின் மனிசனுக்கு மனம் கேட்காது. எல்லாத் துவக்குக்கும் ஒரே ஸ்பிறிங்தானே? ஒரு ஸ்பிறிங்கை உறையில் போட்டு, அனுப்புகிறவர் பேர் எழுதாமல், அந்த வேட்டைக்காரருக்குத் தபாலில் சேர்த்துவிடுவார். வாங்கினவர்கள் யாருக்கு நன்றி சொல்வதென்று தெரியாமல் விட்டுவிடுவார்கள். வடக்கே கப்புஸ்கேசிங் பக்கத்துக் கார்னெற் என்கிற கிழவர் மட்டும் விடவில்லை. மூன்று பிராண்டையும் வாங்கி மூன்று முறையும் ஏமாந்து, மூன்று பேரிலும் ஒரே குரலைக் கேட்டவர் அவர். மலிவைக் கண்டால் அவருக்கும் கண் தெரியாது. இந்த வருசம் ரொறன்ரோவுக்கு லொறி ஓட்டுகிற மருமகனிடம் ஒரு பெட்டி நிறைய மூஸ் இறைச்சி கொடுத்தனுப்பிவிட்டார். பெட்டியின் மேலே, ஸ்டானுக்கு அல்லது இப்போது உன் பேர் எதுவோ அவருக்கு, என்று எழுதியிருந்தது. பஸ்ரியனின் மனைவி எமில்டா அதை பிறீசரில் போட்டுவிட்டு, இதை வைத்து என்ன செய்வதென்று ஒரு கிழமையாக யோசித்துக்கொண்டிருந்தாள்.

இராஜரட்ணத்துக்கு இந்த வித்தை துவக்கு வியாபாரத்தில் வந்ததல்ல. அதற்கு முன் அவர் போன் காட் விற்றவர். ஊருக்குப் போன் எடுக்க, சுரண்டி நம்பர் பார்க்கிற அட்டை. 'மாங்குயில்' என்று ஒரு காட் வரும். எத்தனையோ நிமிசம் கதைக்கலாம் என்று போட்டிருக்கும், அம்மாவிடம் சுகம் கேட்டு முடிக்க லைன் அறுந்துவிடும். சனம் ஏசத் தொடங்கியதும் மாங்குயில் செத்துப் 'பனங்கிளி' பிறக்கும். அந்தக் காலத்திலும் முறைப்பாட்டுப் போனைத் தூக்கினவர் பஸ்ரியன்தான், பேர் ரொம். தமிழ்ச் சனத்தோடு ஏன் இங்கிலிசில் கதைக்க வேண்டும் என்று அவர் கேட்டதற்கு முதலாளி நல்ல விளக்கம் வைத்திருந்தார். தமிழில் ஏசத் தொடங்கினால் நிறுத்தமாட்டார்கள். இங்கிலிசில் எங்கடை ஆக்களுக்கு ஏச்சு மூன்று வசனத்துக்கு மேலே வராது. அது உண்மையாகவும் இருந்தது. மூன்றாவது வசனத்தில் திணறி நின்று அழுகிறவர்களும் இருந்தார்கள். அவர்களுக்கென்று பஸ்ரியன் சொந்தக் காசில் காட் வாங்கி மேசைக்குள் வைத்திருந்து, நம்பரை வாசித்துக் கொடுப்பார். வேறு கொம்பனிக் காட். தங்கள் காட்டைக் கொடுத்தால் அதுவும் அறுந்துவிடும் என்று அவருக்குத் தெரியாதா என்ன.

இப்படி ஒரு மனிசன் தன் பாட்டில் இருந்திருக்கலாம். ஆனால் அவருக்கு ஒரு மகள் இருந்தாள். செலீன். பல் வைத்தியரிடம் வேலை செய்கிறவள். நிசாந்தன் என்கிற பெடியனை அவளுக்குப் பிடித்திருந்தது, அவனுக்கும் அவளை. அவனுடைய சின்ன வயதிலேயே தகப்பன் இறந்துவிட்டார். வளர்த்தது டோர்செட் பார்க் பகுதியில் இருக்கிற பெரியப்பா எட்வேட். பெரியப்பா ஓம் என்று சொல்லாமல் கோயிலில் போய் நிற்கமாட்டேன் என்று நிசாந்தன் சொல்லிவிட்டான். நன்றியுள்ள பிள்ளை, அதைக் குறை சொல்ல முடியாது.

காதல் கலியாணம் என்றாலும் விசாரணை உண்டு. எங்கடை வழக்கம் அது. எட்வேட் அதில் கெட்டிக்காரர். அவர் விசாரித்தால் மாப்பிள்ளையின் பாலர் வகுப்பில் யார் யாரைக் கடித்தது என்பதுகூட வெளியே வரும். அவர் விசாரித்துக் குழம்பின சம்பந்தங்களைச் சனம் ஒன்றொன்றாகச் சொல்லும். செலீனுக்கு இது எல்லாம் தெரியும். முதல் தடவை அவர்கள் வருகிற அன்று தகப்பனின் சேட் கொலரைச் சரிசெய்துவிட்டு, "அப்பா, ப்ளீஸ், ஜஸ்ற் பீ நோமல்" என்றாள். இந்தப் பிள்ளையின் சந்தோசம் தன்னால் கெடக்கூடாது என்று அவர் அந்தோனியாரிடம் கேட்டுக்கொண்டார்.

எட்வேட், நிசாந்தனின் தாய் றஜிதா, நிசாந்தன் மூவரும் வந்தார்கள். எமில்டா மட்டன் வைத்துச் சுற்றி ரோல்ஸ் பொரித்து வைத்திருந்தாள். எட்வேட் தொடவில்லை. முடிவு சொல்லும்வரை பெண்வீட்டில் கை நனைப்பதில்லை என்பது அவருடைய சட்டம். தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டு, தமிழன் செய்கிற வியாபாரம் ஏன் உருப்படாது என்று தொடங்கினார். அதற்குச் சாட்சியாக அவரிடம் ஒரு கதை இருந்தது. போகிற வீடெல்லாம் அதைச் சொல்வார்.

சண்டைக் காலம். மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்த அவருடைய தாய் வவுனியா முகாமில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை, காசு கொடுத்துப் போன் பேசுகிற கொமினிக்கேசன் கடைக்கு நடந்து வந்து, வரிசையில் நின்று, மகனின் போனுக்காகக் காத்திருப்பார். ஒருநாள் எட்வேட் புதுக் காட் சுரண்டிப் போன் எடுத்தார். "மகன்" என்று தாய் சொன்னதோடு லைன் அறுந்துவிட்டது. முறைப்பாட்டு நம்பருக்கு எடுத்து, தெரிந்த இங்கிலிசிலெல்லாம் ஏசிவிட்டு, கடைசியில் அழுதே விட்டார். மறுபக்கம் இருந்தவன் ரொம் என்கிற வெள்ளைக்காரன். அவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு எங்கிருந்தோ ஒரு நம்பர் வாசித்துக் கொடுத்தான்.

"குடுத்துப்போட்டு ஒண்டு கேட்டான். 'டிட் யுவர் மதர் ஈற், சேர்?' அம்மா சாப்பிட்டவவோ எண்டு. எந்த வெள்ளைக்காரன் அப்பிடிக் கேப்பான்? நான் பதில் சொல்ல முதல் ஃபோனை வைச்சிட்டான். இண்டைக்கும் ஒவ்வொரு பூசையிலையும் நான் ரொம்முக்காகச் செபிக்கிறனான்."

பஸ்ரியனின் தொண்டையில் ரோல்ஸ் நின்றுவிட்டது. அந்த அழுகை அவருக்கு நினைவிருந்தது. அம்மா சாப்பிட்டவவோ என்று தன்னை அறியாமல் கேட்டதும், கேட்டவுடன் இராஜரட்ணம் கதவைத் திறந்துகொண்டு வந்ததும், அவசரமாகப் போனை வைத்ததும் நினைவிருந்தது. வாய் திறந்து சொல்லியிருந்தால் அன்றைக்கே கலியாணம் முற்றாகியிருக்கும். ஆனால் எட்வேட் கதையை முடித்த கையோடு, அந்தக் காட் கொம்பனியில் இருந்த தமிழன் யாரென்று தெரிந்தால் இன்றைக்கும் சும்மா விடமாட்டேன் என்றும் சொல்லி வைத்தார். ரொம் நான்தான் என்று சொன்னால், கொம்பனியில் இருந்த தமிழனும் நான்தான் என்றல்லவா ஆகும்? பஸ்ரியன் ரோல்ஸைத் தண்ணீரோடு விழுங்கிக்கொண்டார். என்ன வேலை என்று எட்வேட் கேட்டபோது விளையாட்டுச் சாமான் என்றார். செலீன் உதவி செய்கிற நினைப்பில் உள்ளே ஓடிப்போய் அப்பாவின் பழைய விசிற்றிங் காட் ஒன்றைக் கொண்டு வந்து கொடுத்தாள். நோர்த் மூஸ் ஸ்போட்டிங் கூட்ஸ். எட்வேட் அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துச் சேட் பொக்கற்றில் வைத்துக்கொண்டார். பிழை அங்கேதான் தொடங்கியது.

நடுக்கிழமை காலையில், வேட்டைக்காலப் போன்கள் விடாமல் அடித்துக்கொண்டிருந்த நேரம், ஒருவர் விறைத்த இங்கிலிசில் பேசினார். விசிற்றிங் காட்டில் இருந்த கொம்பனியைத் தேடி முதல்நாள் இரவு வந்து பார்த்தாராம், கதவில் வேறு பேர் இருந்ததாம், அந்தக் கதவில் இருந்த நம்பருக்குத்தான் எடுக்கிறாராம். இது நோர்த் மூஸ் தானா? அங்கே மிஸ்டர் பஸ்ரியன் என்று ஒருவர் வேலை செய்கிறாரா?

பஸ்ரியன் அந்த நேரம் வேறொருவருக்கு அனுப்ப ஒரு ஸ்பிறிங்கை உறைக்குள் திணித்துக்கொண்டிருந்தார். காதில் விழுந்தது 'நோர்த் மூஸ்' மட்டும்தான். வாய் தன் வேலையைச் செய்தது. நாங்கள் புதுக் கொம்பனி, சேர். அந்தப் பேரில் ஒரு கொம்பனியையும் எங்களுக்குத் தெரியாது. நீங்கள் சொல்கிற ஆளும் இங்கே வேலை செய்யவில்லை. ஸ்டான் இதை அழகாகச் சொன்னார், மூக்கும் தொண்டையும் சரிபாதி. எடுத்தவர் நன்றி சொல்லிவிட்டு, போன் இன்னும் அறுபடவில்லை என்று தெரியாமல், பக்கத்தில் நின்ற யாருக்கோ தமிழில் சொன்னார்.

"பாத்தியே றஜிதா? கொம்பனியும் இல்லையாம், அப்பிடி ஒரு ஆளும் இல்லையாம். அந்தாள் காலமை வெளிக்கிட்டு எங்கை போகுதோ ஆருக்குத் தெரியும்."

வேதாகமத்தில் இராயப்பர் என்கிற பேதுரு மறுதலித்தது ஆண்டவரை. பஸ்ரியன் மறுதலித்தது பஸ்ரியனை. இராயப்பருக்காவது சேவல் கூவியது. இங்கே பக்கத்துக் கடையில் யாரோ ஒரு காரின் ஹோனை அடித்துப் பார்த்தார்கள். பஸ்ரியன் ஸ்பிறிங்கும் கையுமாக அப்படியே இருந்துவிட்டார். திருப்பி எடுத்துச் சொல்லலாம், ஆனால் எந்தப் பேரில்? ஸ்டானாக எடுத்து, தேடிப் பார்த்தேன், ஆள் மேசைக்குக் கீழே இருந்தார் என்றா சொல்வது?

வீட்டுக்குப் போய் எமில்டாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் "இஞ்சேருங்கோ, உங்களை வேலையாலை நிப்பாட்ட முதலாளி தேவையில்லை, நீங்களே காணும்" என்றாள். அன்றைக்கே நிசாந்தன் செலீனுக்குச் சொல்லிவிட்டான்: பெரியப்பா சனிக்கிழமை வருகிறார், வந்து முகத்துக்கு நேரே கேட்கப் போகிறார், அதோடு முடிந்தது. செலீன் தகப்பனிடம் சண்டை பிடிக்கவில்லை. சண்டை பிடித்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். அவள் அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள். பஸ்ரியன் அந்தக் கதவு வரைக்கும் போய்த் திரும்பினார்.

சனிக்கிழமை வந்தது. எமில்டா மறுபடியும் ரோல்ஸ் சுற்றினாள், ஆனால் இந்த முறை கார்னெற்றின் மூஸ் இறைச்சியில். எட்வேட் எப்படியும் கை நனைக்கப் போவதில்லை, பிறகென்னத்துக்கு நல்ல மட்டனை வீணாக்குவான் என்பது அவளுடைய கணக்கு. பஸ்ரியன் காலையிலிருந்து ஒரு வசனத்தைப் பாடமாக்கிக்கொண்டிருந்தார்: வாசலிலேயே வைத்து உண்மையைச் சொல்லிவிடுவது என்று. வாசலில் எட்வேட்டின் முகத்தைக் கண்டதும் பாடம் மறந்துவிட்டது.

எட்வேட் இருந்தவுடனே விசிற்றிங் காட்டை மேசையில் வைத்தார். தான் முதுகுக்குப் பின்னால் கதைக்கிற ஆள் இல்லை என்றார். கொம்பனிக்குப் போன் எடுத்ததையும், ஸ்டான் என்கிற வெள்ளைக்காரன் மரியாதையாக உண்மையைச் சொன்னதையும் சொன்னார். பொய் சொல்லி அவனுக்கு என்ன லாபம்? எல்லாருக்கும் முன்னால் இப்போதே திருப்பி எடுக்கிறேன், நீங்களே கேளுங்கள் என்று போனை ஸ்பீக்கரில் போட்டார். பஸ்ரியன் "அண்ணை, ஒரு நிமிசம்" என்று தொடங்க, எட்வேட் கையை உயர்த்தி அவரை நிறுத்திவிட்டு நம்பரை அழுத்தினார்.

வேட்டைக் காலத்தில் சனிக்கிழமைப் போன்கள் எல்லாம் பஸ்ரியனின் கைப்போனுக்குத் திரும்பிவரும் என்பதை அவர் சொல்ல வந்தார். அதைப் பறவை சொன்னது. றெட் லூன் காலத்தில் இராஜரட்ணம் அந்தப் போனில் லூன் பறவையின் சத்தத்தைப் போட்டு வைத்திருந்தார். பிராண்ட் மாறியபிறகும் சத்தத்தை மாற்ற யாருக்கும் நினைவு வரவில்லை. லூன் கத்துவதைக் கேட்டவர்களுக்குத் தெரியும், ஏரிக்கரையில் பேய் அழுகிற மாதிரி இருக்கும். அது பஸ்ரியனின் சேட் பொக்கற்றுக்குள்ளிருந்து நீளமாக ஊளையிட்டது. றஜிதா சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டாள். அது திரும்பவும் ஊளையிட்டது. எட்வேட்டுக்கு எரிச்சல் வந்தது.

"ஆற்றையோ ஃபோன். நிப்பாட்டுங்கோ, நான் முக்கியமான ஒரு கோல் எடுக்கிறன்."

நிப்பாட்டத்தான் பஸ்ரியன் போனை எடுத்தார். ஆனால் எத்தனை வருசப் பழக்கம்? பெருவிரல் தன் பாட்டில் அழுத்த, வாய் தன் பாட்டில் திறந்தது.

"தாங்க் யூ ஃபோர் கோலிங் பிளாக் பீவர், திஸ் இஸ் ஸ்டான்."

அரைக்கணம் பிந்தி அதே வசனம் எட்வேட்டின் கையிலிருந்தும் வந்தது. செலீன் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். எட்வேட் கையிலிருந்த போனைப் பார்த்தார், பஸ்ரியனைப் பார்த்தார், திரும்பவும் போனைப் பார்த்தார். என்ன செய்வதென்று தெரியாதபோது மனிதன் தொடங்கின வேலையைத் தொடர்ந்து செய்வான். அவர் போனை வாய்க்குக் கிட்டே கொண்டுபோய், மிஸ்டர் பஸ்ரியன் அங்கே இருக்கிறாரா என்று இங்கிலிசில் மரியாதையாகக் கேட்டார்.

மூன்று வசனமும் நாக்கு நுனியில் தயாராக வந்து நின்றன. பஸ்ரியன் மகளைப் பார்த்தார். விரல் இடுக்கால் அவளும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஓம் அண்ணை. இருக்கிறன். உங்களுக்கு முன்னாலைதான் இருக்கிறன்."

பிறகு மிச்சமெல்லாம் வந்துவிட்டது. துவக்கு, ஸ்பிறிங், மூஸ், லூன், பீவர், பொப், கெவின், ஸ்டான். பட்மின்டன் மட்டை உட்பட ஒன்றையும் ஒளிக்கவில்லை. முதலாளி யார் என்று எட்வேட் கேட்டார். இராஜரட்ணம் என்றார் பஸ்ரியன். எட்வேட் கதிரையிலிருந்து எழும்பினார்.

"போன் காட் இராஜரட்ணமோ? அப்ப அங்கையும் நீர் இருந்தனீரோ?"

"ஓம் அண்ணை. அங்கை என்ரை பேர் ரொம்."

எட்வேட்டுக்கு, இத்தனை பொய்யும் காணாதென்று, தான் செபத்தில் வைத்திருக்கிற மனிசனின் பேரையும் இவன் எடுக்கிறானே என்ற கோபம். ரொம் வெள்ளைக்காரன் என்றார். தன் காதால் கேட்டது என்றார். நிசாந்தனைப் பார்த்து எழும்படா என்றார். பஸ்ரியனிடம் காட்ட ஒரு அத்தாட்சியும் இல்லை. போன் மட்டும் இன்னும் அறுபடாமல் கையில் இருந்தது. அவருக்கு வெட்கமாக இருந்தது. யாருடைய முகத்தையும் பாராமல் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று, போனைக் காதில் வைத்து, மூக்கால் பாதி தொண்டையால் பாதி அந்தக் குரலை எடுத்தார்.

"டிட் யுவர் மதர் ஈற், சேர்?"

எட்வேட்டின் கைக்குள்ளிருந்து ரொம் கேட்டான். எட்வேட் பஸ்ரியனைப் பார்க்கவில்லை, போனையே பார்த்துக்கொண்டு நின்றார். கண் நிறைந்து வழிந்தது, துடைக்கவில்லை. பிறகு போனுக்குப் பதில் சொன்னார், தமிழில்.

"சாப்பிட்டவ. நீர் தந்த நம்பரிலை திருப்பி எடுத்துக் கேட்டனான். பாணும் சம்பலும் சாப்பிட்டனான் மகன் எண்டவ. அதுக்கு முதல் நான் அவவை ஒருநாளும் அதைக் கேக்கேல்லை. முகாமிலை பேர் பதிஞ்சாச்சோ, கடிதம் வந்ததோ எண்டுதான் கேட்டுக்கொண்டிருந்தனான். நீர் கேட்டபிறகுதான் எனக்குக் கேக்கத் தெரிஞ்சது. அதை உமக்குச் சொல்லுவமெண்டால் நீர் ஃபோனை வைச்சிட்டீர்."

பஸ்ரியன், வேறு வசனம் தெரியாமல், "தாங்க் யூ ஃபோர் கோலிங்" என்று சொல்லிப் போனை வைத்தார். செலீன்தான் முதலில் சிரித்தாள், பிறகு அழுதாள். எமில்டா இரண்டையும் ஒன்றாகச் செய்தாள்.

எட்வேட் கதிரையில் தொப்பென்று இருந்தார். முகத்தை லேஞ்சியால் துடைத்துவிட்டுப் பஸ்ரியனை முறைத்துப் பார்த்தார்.

"இவ்வளவு காலமும் ரொம்முக்கெண்டு நான் செபிச்ச செபம் முழுக்க உமக்கோ வந்தது?"

"வந்து சேந்தது அண்ணை" என்றார் பஸ்ரியன்.

திங்கட்கிழமையிலிருந்து சொந்தப் பேரைச் சொல்லிப் போன் தூக்க வேண்டும் என்று எட்வேட் கட்டளை போட்டார். பஸ்ரியன் ஓம் என்றார். இராஜரட்ணம் என்ன சொல்வாரோ என்று யோசித்தார், சொல்லிவிட்டுப் போகட்டும் என்று விட்டார். ஆனால் எட்வேட்டின் முகம் இன்னும் தெளியவில்லை. பெரிய ஒரு நட்டம் வந்தவர் மாதிரி இருந்தார்.

"இனி நல்ல வெள்ளைக்காரன் எண்டு நான் ஆரைச் சொல்லுறது?" என்று தனக்குள் கேட்டுக்கொண்டே, கவலையில் கை எங்கே போகிறதென்று தெரியாமல், தட்டத்திலிருந்து ஒரு ரோல்ஸை எடுத்துக் கடித்தார்.

பெண்வீட்டில் அவர் கை நனைத்துவிட்டார். றஜிதா நிசாந்தனின் கையைப் பிடித்துக்கொண்டாள். எட்வேட் மென்றார். இன்னொரு கடி கடித்தார். பிறகு ரோல்ஸின் உள்ளே உற்றுப் பார்த்து, உது மட்டனோ என்று கேட்டார். எமில்டா பஸ்ரியனைப் பார்த்தாள். மட்டன் என்று சொன்னால் எல்லாம் சுகமாக முடிந்துவிடும். ஆனால் பஸ்ரியனுக்கு அன்றைக்கு உண்மை பழகிப்போயிருந்தது.

"மூஸ் அண்ணை. வடக்கிலை கார்னெற் எண்டொரு கிழவர். அவற்றை துவக்குக்கு நான் களவாய் ஸ்பிறிங் அனுப்பினதுக்கு அனுப்பி வைச்சவர்."

எட்வேட் மெல்லுவதை நிறுத்தினார்.

"வெள்ளைக்காரனோ?"

"ஓம் அண்ணை."

"உண்மையான வெள்ளைக்காரனோ?"

"உண்மையான வெள்ளைக்காரன்தான் அண்ணை."

எட்வேட் தட்டத்தைத் தன் பக்கம் இழுத்து, இரண்டாவது ரோல்ஸை எடுத்துக்கொண்டு சொன்னார்:

"அப்ப கலியாணத்துக்கு அந்தாளுக்கும் சொல்லும்."